உயர்த்திய பிக்கப்பில் பவர் சைடு ஸ்டெப்: பொருத்தும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

செம்மண்தடம்:

நான்கு கதவுகள் கொண்ட என் பிக்கப்பை நான்கு அங்குல சஸ்பென்ஷன் லிஃப்ட் வைத்து உயர்த்தியிருக்கிறேன். 32 அங்குல டயர்களை எடுத்துவிட்டு 35 அங்குல டயர்கள் போட்டிருக்கிறேன். கரடுமுரடான தடங்களில் வண்டி நான் எதிர்பார்த்தபடியே போகிறது. ஆனால் மூட்டுவலி உள்ள என் தாயார் முன்னிருக்கையில் ஏறுவதற்குள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எப்போதும் வெளியே நிற்கும் சாதாரண சைடு ஸ்டெப்பைப் போட்டால் உயர்த்திப் பெற்ற இடைவெளியில் பெரும்பங்கு போய்விடும். அதனால் கதவைத் திறந்ததும் இறங்கி, மூடியதும் அடியில் மடங்கிக்கொள்ளும் பவர் சைடு ஸ்டெப்பைப் பொருத்த எண்ணியிருக்கிறேன்.

விற்கப்படும் கிட்டுகள் எல்லாம் உயர்த்தாத வண்டியைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டவை என்று தெரிகிறது. அவற்றை உயர்த்திய வண்டியில் அப்படியே மாட்ட முடியுமா? மாட்டினாலும், தரையிலிருந்து படிக்கு உள்ள உயரம் வயதானவர்களுக்கு ஏற்றதாக இருக்குமா? கதவு திறந்ததை அறிய ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் சோதனை முனையில்) செருகும் வகை நல்லதா, கதவு வயர்களில் இணைக்கும் வகை நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைமேசை:

முதல் கேள்விக்கு விடை எளிது. உங்களுடையது சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பதால் பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையிலான தூரம் மாறவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் உயர்ந்திருக்கின்றன. ஆகையால் அந்த வண்டி மாதிரிக்கென்று செய்யப்பட்ட பிராக்கெட்டுகள் தொழிற்சாலைத் துளைகளில் அப்படியே பொருந்தும். சேஸிஸை விட்டுப் பாடியை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் வைத்தவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

இரண்டாம் கேள்விதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. லிஃப்ட் நான்கு அங்குலம் என்றால் சுமார் 100 மில்லிமீட்டர். டயரின் விட்டம் மூன்று அங்குலம் கூடியிருக்கிறது, ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான். எனவே மேலும் 38 மில்லிமீட்டர். ஆக மொத்தம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறீர்கள். படி எவ்வளவு கீழே இறங்கும் என்பதை அதன் மடக்குக் கை தீர்மானிக்கிறது, அதற்கு உங்கள் லிஃப்ட் பற்றி எதுவும் தெரியாது. முன்பு தரையிலிருந்து 31 சென்டிமீட்டரில் நின்றிருக்கக்கூடிய படி இப்போது 45 சென்டிமீட்டரில் நிற்கும். வீட்டுப் படிக்கட்டுகளின் ஒரு படி 15 முதல் 18 சென்டிமீட்டர் வரைதான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டயர் காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும். தரையிலிருந்து ராக்கர் பேனலின் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பாடித் தகட்டின்) அடி விளிம்பு வரையும், கதவு வாசலில் கால் வைக்கும் தளம் வரையும் அளந்து இங்கே எழுதுங்கள். முன்கதவு, பின்கதவு இரண்டிலும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் லிஃப்ட் வைத்த பல வண்டிகள் முன்பு இருந்த சாய்வில் இருப்பதில்லை.

கல்வழி:

செம்மண்தடம் அவர்களின் கணிப்பு சரியானதே என்று அளவுகளோடு சொல்லிவிடுகிறேன். மேட்டின் முகட்டைத் தாண்டும்போது வண்டியின் நடுவயிறு தட்டாமல் போகக்கூடிய கோணத்தை, இரு அச்சுகளுக்கிடையிலான தூரத்தையும் நடுவிலுள்ள உயரத்தையும் வைத்து ஏறத்தாழக் கணக்கிடலாம். அச்சுத் தூரம் 3,700 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மடங்கிய படியின் அடிப்பாகம் தரையிலிருந்து 56 சென்டிமீட்டரில் இருந்தால், பக்கவாட்டில் அந்தக் கோணம் 34 பாகை. எப்போதும் வெளியே நிற்கும் படியின் அடிப்பாகம் 42 சென்டிமீட்டரில் இருந்தால் 26 பாகையாகக் குறைந்துவிடும். நடுவிலுள்ள கியர்பாக்ஸ் குறுக்குச்சட்டம் இதைவிடத் தாழ்வாக இருந்தால் முதலில் தட்டுவது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கச் சக்கரங்கள் பள்ளத்திலும் மறுபக்கம் பாறை ஓரத்திலும் போகும்போது அடி வாங்குவது எப்போதும் பக்கப் படிதான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறவாதீர்கள். மடங்கும் படி, பாறைத் தடுப்புச் சட்டத்துக்கு மாற்று ஆகாது. சேஸிஸில் உறுதியாகப் பொருத்தப்படும் ஸ்லைடர் சட்டம் வண்டியின் எடையையே தாங்கும். மின்படியின் அலுமினியப் பலகை ஓர் ஆளின் எடையை மேலிருந்து கீழ்நோக்கித் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. கீழிருந்து மேல்நோக்கி வரும் அடியைத் தாங்க அல்ல. பாறை அதை ஒரு முறை தூக்கினால் பலகை வளையாவிட்டாலும் மடக்குக் கையின் மூட்டுகள் பழுதாகும். உயர ஜாக்கை இதன் அடியில் வைத்துத் தூக்கவே கூடாது. பாறைகள் நிறைந்த தடங்களுக்கு அடிக்கடி போகிறவர் என்றால், ஸ்லைடருக்குள்ளேயே மடங்கும் படியைக் கொண்ட கிட்டுகளும் கிடைக்கின்றன. எடை கூடும், ஆனால் இரண்டு வேலையும் நடக்கும்.

செம்மண்தடம்:

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். ராக்கர் பேனலின் அடி விளிம்பு முன்கதவில் 60 சென்டிமீட்டர், பின்கதவில் 61. கால் வைக்கும் தளம் 72 சென்டிமீட்டர். நான் பார்த்துவைத்திருக்கும் கிட்டின் படி, விரிந்த நிலையில் ராக்கர் விளிம்புக்கு 15 சென்டிமீட்டர் கீழே நிற்கும் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. எனவே முதல் எட்டு 45 சென்டிமீட்டர், இரண்டாவது எட்டு 27. நான் செல்வது பெரும்பாலும் மண்தடங்களும் ஆற்றுப்படுகைகளும்தான், பாறைகளில் ஏறுவதில்லை. ஆகவே தனிப்படியே போதும் என்று நினைக்கிறேன்.

45 சென்டிமீட்டர் என் தாயாருக்கு முடியாது. பிராக்கெட்டுக்கும் மடக்குக் கைக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஸ்பேசர் கட்டை வைத்து முழு அமைப்பையும் கீழே இறக்கலாமா?

பட்டறைமேசை:

இறக்கலாம். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஐந்து சென்டிமீட்டர் இறக்கினால் முதல் எட்டு 40, இரண்டாவது 32 ஆகிவிடும். ஏறுபவருக்கு இது நல்ல பங்கீடு. அதே ஐந்து சென்டிமீட்டர் மடங்கிய நிலையிலும் கீழே தொங்கும், அதாவது உங்கள் இடைவெளியில் அந்த அளவு போய்விடும். ஆற்றுப்படுகைக்கும் மண்தடத்துக்கும் அது பொறுக்கத்தக்க இழப்பே.

வலிமையைப் பற்றிப் பலர் தவறான இடத்தில் கவலைப்படுகிறார்கள். 90 கிலோ எடையுள்ளவர் படியின் வெளி விளிம்பில் நிற்கிறார், அந்த விளிம்பு பிராக்கெட்டின் போல்ட்டுகளிலிருந்து 25 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது என்று கொண்டால், அந்த எடை போல்ட்டுகளைத் திருக முயலும் விசை சுமார் 220 நியூட்டன் மீட்டர். இது பக்கவாட்டுத் தூரத்தால் வருவது. ஸ்பேசரால் படி கீழே இறங்கினாலும் பக்கவாட்டுத் தூரம் மாறாததால் இந்த விசையும் மாறாது. மாறுவது வேறொன்று. ஏறும்போது கால் படியை முன்னும் பின்னும் தள்ளுகிறது அல்லவா, அந்தத் தள்ளலுக்கு இப்போது நீளமான நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. படி வண்டியின் நீளவாக்கில் ஆடத் தொடங்கும். ஆகவே ஸ்பேசரைத் தனித்தனிக் குழாய்த் துண்டுகளாக வைக்காதீர்கள். நான்கு போல்ட்டும் ஊடுருவிச் செல்லும் ஒரே கனமான கட்டையாக இருக்கட்டும். போல்ட்டின் நீளத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள், 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட்டாக எடுங்கள். கிட் தயாரிப்பாளரின் உத்தரவாதம் இந்த மாற்றத்தோடு போய்விடும் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேசரைத் தொடுவதற்கு முன், உங்கள் வண்டிக்கு ஆழமாக இறங்கும் வகைக் கிட் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் நீண்ட மடக்குக் கையோடு விற்கிறார்கள். விரிந்தால் ஆழமாக இறங்கும், மடங்கினால் மற்றவற்றைப் போலவே ஒட்டிக்கொள்ளும். கிடைத்தால் அதுவே சிறந்த வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூட்டுவலி உள்ளவருக்குப் படி பாதி வேலையைத்தான் செய்யும், மீதியைக் கைப்பிடிதான் செய்ய வேண்டும். முன்கண்ணாடித் தூணில் கைப்பிடி இல்லாவிட்டால், படி வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள். அதைத் தூணின் உள்ளே திரைக் காற்றுப்பை செல்லும் பாதையில் துளையிட்டுப் பொருத்தக் கூடாது. தொழிற்சாலை விட்டிருக்கும் இடங்களில் மட்டுமே பொருத்த வேண்டும்.

மேடுபள்ளம்:

இழையைத் திசைதிருப்புவதாக எண்ண வேண்டாம். என்னுடையது மூன்று அங்குல பாடி லிஃப்ட். கிட்டின் பிராக்கெட்டுகள் மேலே ராக்கர் பேனலிலும் கீழே சேஸிஸிலுமாக இரண்டு இடங்களில் பிடிக்கும் அமைப்பு. இப்போது கீழ்க்கை 75 மில்லிமீட்டர் எட்டவில்லை. நீட்டிப்புப் பட்டை ஒன்றைப் பற்றவைத்து இரண்டையும் இணைத்துவிடலாம் என்று உள்ளூர்ப் பட்டறையில் சொல்கிறார்கள்.

இரும்புச்சட்டம்:

வேண்டாம் நண்பரே. பாடி, ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போது பாடி அதோடு முழுதாகச் சேர்ந்து முறுக்காமல் இருப்பதற்காகவே அந்த ரப்பர் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் விறைப்பான பட்டையால் கட்டிவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பட்டைதான் இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு வளையும். தொழிற்சாலை அளவில் இருக்கும் சிறிய கை ஓரளவு நெகிழ்ந்துகொடுக்கும்படி கணக்கிடப்பட்டது; நீளம் கூட்டிப் பற்றவைத்த பட்டைக்கு அந்தக் கணக்கு இல்லை. முதலில் கிறீச்சிடும், பிறகு பற்றவைப்பு ஓரத்தில் விரிசல் விடும், கடைசியில் ராக்கர் பேனலின் தகடு கிழியும்.

முழுவதும் பாடியில் பிடிக்கும் கிட்டையோ முழுவதும் சேஸிஸில் பிடிக்கும் கிட்டையோ தேர்ந்தெடுங்கள். பாடியில் பிடித்தால் படியும் கதவும் சேர்ந்து உயரும், இடைவெளி தெரியாது. சேஸிஸில் பிடித்தால் படி 75 மில்லிமீட்டர் தாழ்வாகவே நிற்கும். பார்வைக்குச் சற்று இடைவெளி தெரிந்தாலும், ஏறுகிறவருக்கு அது வசதி.

சேஸிஸில் புதுத் துளை போட நேர்ந்தால் ஒரு விதியை மீறாதீர்கள். பாரத்தால் வரும் வளைவு விசை சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில்தான் உச்சத்தில் இருக்கும். பக்கச்சுவரின் நடுவில் மிகக் குறைவு. எனவே விளிம்புகளில் துளையிடக் கூடாது. பக்கச்சுவரில் இட்ட துளையின் ஓரங்களை அரத்தால் மழுக்கி, துத்தநாகப் பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகே போல்ட் போடுங்கள். துளையிடும் முன், மறுபக்கத்தில் பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ வயர்க் கட்டோ ஓடவில்லை என்பதைக் கையால் தடவிப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

மின்பாதை:

மின் இணைப்புப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் படிகளில் எழும் புகார்களில் பெரும்பாலானவை மோட்டாரின் குறையால் வருபவை அல்ல, மின்னழுத்தக் குறைவால் வருபவை என்பது என் உறுதியான கருத்து.

படியின் மோட்டாரை இயக்கி நிறுத்தும் கண்ட்ரோலர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும். படி முழுதாக விரிந்து நிறுத்துமுனையில் இடித்ததும் மோட்டார் சுழல முடியாமல் திணறும், அதன் மின்னோட்டம் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டுதான் கண்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்துகிறது. வழியில் ஒரு குழந்தையின் காலோ நடைபாதை விளிம்போ தடுத்தாலும் அதே ஏற்றம்தான் நேரும். அப்போதும் அது நிறுத்திவிடும். பாதுகாப்புக்கும் இயல்பான நிறுத்தத்துக்கும் அது நம்பியிருப்பது இந்த ஒரே அளவீட்டைத்தான். ஆகவே மின்னோட்டத்தைக் குழப்பும் எதுவும் படியின் அறிவையே குழப்பிவிடும்.

இப்போது வயரைப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து மோட்டார் வரை நான்கு மீட்டர், திரும்பி வர நான்கு மீட்டர், ஆக எட்டு மீட்டர் தாமிரம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் பாய்ந்தால் சுமார் 1.1 வோல்ட் வயரிலேயே கரைந்துபோகும். 4 சதுர மில்லிமீட்டர் வயரானால் 0.7 வோல்ட். கிட்டோடு வரும் வயரை நீட்ட நேர்ந்தால், அதே தடிமனோ அதற்கு மேலோ உள்ள வயரையே சேருங்கள். இணைப்பை முறுக்கி டேப் சுற்றாமல், சரியான க்ரிம்ப் கருவியால் அழுத்தி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை அதன்மேல் சுருக்குங்கள். தரை இணைப்பை (எர்த்) சேஸிஸின் ஏதோ ஒரு துருப்பிடித்த போல்ட்டில் கொடுப்பதைவிட, பேட்டரியின் எதிர்முனைக்கே திருப்பிக் கொண்டுபோவது நல்லது. பேட்டரி முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் உணரி உள்ள வண்டிகளில், தயாரிப்பாளர் காட்டியிருக்கும் தரைப்புள்ளியில் கொடுக்க வேண்டும்.

ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் இருக்க முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். வயரைக் காக்கத்தான் ஃபியூஸ் இருக்கிறது. அது தள்ளி இருந்தால், இடையிலுள்ள வயர்த்துண்டுக்குப் பாதுகாப்பே இல்லை. வேலை முழுதும் முடியும்வரை ஃபியூஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் வயர் தகட்டுத் துளையில் உரசாமல் ரப்பர் க்ரோமெட் வழியே செல்ல வேண்டும். அடிப்பகுதியில் சைலன்சர் குழாயிலிருந்து ஒரு கை அகலமாவது விலகிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு கனெக்டருக்கும் முன்பு வயர் சற்றே கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது.

ஓபிடி வகையா, கதவு வயர் வகையா என்ற கேள்விக்கு என் விருப்பம் ஓபிடி வகையே. அந்தப் போர்ட்டில் 16ஆம் முனை பேட்டரி மின்சாரம், 4ஆம் 5ஆம் முனைகள் தரை, 6ஆம் 14ஆம் முனைகள் கான் வலையமைப்பு, அதாவது வண்டியின் கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறும் இரு வயர்கள். கதவு திறந்த செய்தி பல வண்டிகளில் அந்த வலையமைப்பில் கிடைப்பதால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

கல்வழி:

மின்பாதை அவர்களோடு இந்த ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஓபிடி போர்ட்டில் நிரந்தரமாக ஒரு கருவியைச் செருகி வைத்தால், வண்டியை நிறுத்திய பிறகும் அது வலையமைப்பைத் தூங்க விடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கக்கூடும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் முகாமிட்டுத் தங்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பேட்டரி இறங்குவது பெரும் இடர். சர்வீசின்போது மெக்கானிக் தம் ஸ்கேனரைச் செருகுவதற்காக இதைக் கழற்றிவிட்டு, திரும்பச் செருக மறந்துவிடுவதும் நடக்கிறது.

மின்பாதை:

கவலை நியாயமானது. அதை ஊகமாக விட்டுவிடாமல் அளந்து பார்த்துவிடலாம். எல்லாக் கதவுகளையும் பூட்டி, சாவியைத் தொலைவில் வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து, பேட்டரி வயரில் பாயும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணிதான் செலவாகிறது, அது இயல்பு. 250 மில்லியாம்பியர் காட்டினால் நாளுக்கு 6 ஆம்பியர் மணி; 70 ஆம்பியர் மணி பேட்டரி ஆறு நாளுக்குள் பாதியாகிவிடும். அப்படிக் காட்டினால் ஓபிடி கருவியைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து, காரணம் அதுதானா என்று பார்க்க வேண்டும். அதுவே காரணம் என்றால் கதவு வயர் வகைக்கு மாறுவதில் எனக்கும் மறுப்பில்லை. பழைய வண்டிகளில் கதவு ஸ்விட்ச் தரையோடு இணைத்துச் செய்தி தரும் எளிய வகையாக இருந்தால் அதில் இணைப்பதும் எளிது. கான் வயர்களை மட்டும் எக்காரணத்துக்காகவும் நடுவில் சுரண்டி எதையும் இணைக்காதீர்கள்.

இணைப்புத்தண்டு:

பொருத்தும் வேலையில் அனைவரும் விட்டுவிடும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விரியும்போதும் மடங்கும்போதும் படிப்பலகை சாயாமல் சமமாகவே இருக்கிறதே, அதற்குக் காரணம் ஒவ்வொரு மடக்குக் கையும் நான்கு தண்டுகள் சேர்ந்த இணைகர அமைப்பாக இருப்பதுதான். இந்தத் துறையில் முன்னோடியாக இருந்த ஏஎம்பி ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹார்ஸ்ட் லைட்னர். மலைச் சைக்கிள்களின் பின் சஸ்பென்ஷனில் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படும் நான்கு தண்டு அமைப்பை வடிவமைத்தவரும் அவரே. தண்டுகளும் மூட்டுகளும் இயங்கும் விதத்தை நன்கறிந்த கைகளிலிருந்து இந்தப் படிகள் வந்ததில் வியப்பில்லை.

சைக்கிளில் உள்ள மூட்டுகள் ஒரே சட்டத்தில் தொழிற்சாலையிலேயே துல்லியமாகத் துளையிடப்படுகின்றன. பிக்கப்பிலோ, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இரண்டு தனித்தனிக் கைகளை ஒரே பலகையால் இணைக்கிறோம். ஒன்றில் மோட்டார் இருக்கிறது; மற்றது அதன் பின்னே இழுபட்டுப் போவது. இரண்டின் மூட்டு அச்சுகளும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், பயணத்தின் ஒரு பகுதியில் இலகுவாகவும் மற்றொரு பகுதியில் இறுக்கமாகவும் படி நகரும். அந்த இறுக்கத்தை மின்பாதை சொன்ன கண்ட்ரோலர் ஒரு தடையாகவே எண்ணும்.

ஆகவே போல்ட்டுகளை முதலில் கைவிரலால் திருகும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். ஒரு நேரான அலுமினியக் குழாயை இரண்டு கைகளின் முகப்பிலும் ஒட்டவைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் பக்கத்தில் மெல்லிய வாஷர் கொடுத்துச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு பலகையை மாட்டி, கடைசியில்தான் டார்க் ரெஞ்ச் எடுக்க வேண்டும். கிட்டின் குறிப்பேட்டில் உள்ள அளவே இறுதியானது. குறிப்பேடு தொலைந்துவிட்டால், எண்ணெய் படாத 8.8 தர எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், எம்6க்கு 10 என்று கொள்ளலாம். தகட்டில் பதித்த ரிவெட் நட்டுகளுக்கு இதைவிடக் குறைவாகவே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்டே துளைக்குள் சுழன்றுவிடும். திருகு மரைக்கு க்ரீஸ் பூசினால் உராய்வு குறைந்து, அதே அளவிலேயே போல்ட் கூடுதலாக இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செம்மண்தடம்:

ஆழமாக இறங்கும் வகைக் கிட் என் வண்டிக்குக் கிடைத்துவிட்டது. பொருத்தி முடித்தேன். விரிந்த படி தரையிலிருந்து 39 சென்டிமீட்டரில் நிற்கிறது. ஓட்டுநர் பக்கம் நன்றாக வேலை செய்கிறது. மறுபக்கம்தான் தொல்லை. கதவை மூடியதும் படி மேலேறத் தொடங்கி, முக்கால் பாகம் வந்து நின்றுவிடுகிறது. மறுபடி கதவைத் திறந்து மூடினால் சில வேளை முழுதாக மடங்குகிறது. மோட்டாரை இடம் மாற்றிப் பார்த்தும் குறை அதே பக்கத்தில்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மோட்டார் கனெக்டரில் 13 வோல்ட்டுக்கு மேல் வருகிறது.

மின்பாதை:

மோட்டாரை மாற்றிய பிறகும் குறை அதே பக்கத்தில் இருந்தால் மோட்டார் குற்றவாளி அல்ல. ஆனால் அந்த 13 வோல்ட்டை நீங்கள் மோட்டார் நிற்கும்போது அளந்திருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மின்னோட்டம் பாயாதபோது வயரில் இழப்பும் இராது. படி நகர்ந்துகொண்டிருக்கும்போது அளந்து சொல்லுங்கள். முடிந்தால் க்ளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி, இரு பக்கத்துக்கும் மின்னோட்டத்தை ஒப்பிடுங்கள்.

செம்மண்தடம்:

நகரும்போதும் 12.6 வோல்ட்டுக்குக் குறையவில்லை. மின்னோட்டம்தான் வேறுபடுகிறது. நல்ல பக்கத்தில் நகரும் நேரம் முழுதும் 7, 8 ஆம்பியரில் நிலையாக இருந்து, கடைசியில் மட்டும் ஏறுகிறது. தொல்லை தரும் பக்கத்தில் தொடக்கத்திலேயே 11 இருக்கிறது, முக்கால் பாகம் வரும்போது 19 வரை ஏறி, அங்கேயே நின்றுவிடுகிறது.

இணைப்புத்தண்டு:

இது இயந்திர இறுக்கமேதான். பலகையைக் கழற்றிவிட்டு, மோட்டார் இல்லாத கையை உங்கள் கையாலேயே மடக்கிப் பாருங்கள். தனியாக இலகுவாக மடங்கினால் மூட்டு நன்றாக இருக்கிறது, அச்சுகள்தான் ஒத்துப்போகவில்லை. பிராக்கெட் உட்காரும் இடத்தில், ராக்கர் பேனலின் அடியில் இரு தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட மடிப்பு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது முன்பு அந்த மடிப்பின்மேல் ஜாக்கை வைத்துத் தூக்கியிருந்தால் அது ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்.

செம்மண்தடம்:

நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. பின்புறப் பிராக்கெட் உட்காரும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மடிப்பு உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பெயின்ட் உதிர்ந்து, மெல்லிய துரு படிந்திருக்கிறது. டயர் மாற்றியபோது ஜாக் வைத்த தடம் என்று தெளிவாகத் தெரிகிறது. குழாயை ஒட்டவைத்தால் கீழ் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிகிறது. சுத்தியலால் தட்டி நேராக்கலாமா, வாஷர் கொடுத்தால் போதுமா?

இரும்புச்சட்டம்:

சுத்தியல் வேண்டாம். தட்டினால் பற்றவைத்த புள்ளிகள் விட்டுப்போகும். மரத்துண்டுகளை இருபுறமும் வைத்து, அகலவாய் இடுக்கியால் மெதுவாக வளைத்து நேராக்குங்கள். முழுதும் நேராகாது, முக்கால் பங்கு நேரானால் போதும். மீதிக்கு வாஷர் கொடுங்கள். துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் பூசிக் காயவிட்டு, உட்புறத்தில் மெழுகுத் துருத்தடுப்பான் தெளித்து, அதன் பிறகு பிராக்கெட்டை ஏற்றுங்கள். இரும்புப் பிராக்கெட்டும் அலுமினியக் கையும் நேரடியாகத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் இருக்கட்டும். உப்புநீர் பட்டால் அந்த இரண்டும் சேருமிடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும்.

செம்மண்தடம்:

சரிசெய்துவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் 8 ஆம்பியரைத் தாண்டாமல் நகர்கின்றன. வண்டியைப் பூட்டி வைத்து அளந்ததில் 38 மில்லியாம்பியர்தான் காட்டுகிறது. தாயார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் ஏறி அமர்ந்தார்கள். பட்டறைமேசை அவர்கள் கைப்பிடியைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் எனக்கு அது தோன்றியே இருக்காது.

இறுதியாக ஒரு கேள்வி. மடக்குக் கையின் மூட்டுகளுக்கு க்ரீஸ் அடிக்கலாமா? அகல டயர்கள் முன்சக்கரத்திலிருந்து வாரி இறைக்கும் சேறு நேராக முன்புறக் கையின்மேல்தான் விழுகிறது.

பட்டறைமேசை:

க்ரீஸ் கூடவே கூடாது. அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அரைக்கும் பசையாகவே மாறி மூட்டைத் தின்றுவிடும். கதவைத் திறந்து படியை விரிய விட்டு, நீரைப் பாய்ச்சிச் சேறு முழுவதையும் கழுவுங்கள். உயரழுத்தக் குழாயை மோட்டாரின் சீலுக்கும் கனெக்டருக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். நன்றாக உலர்ந்த பிறகு மூட்டு ஊசிகளில் மட்டும் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். படியின் மேற்பரப்பில் ஒரு துளிகூடப் படக்கூடாது, உங்கள் தாயார் கால் வைக்கும் இடம் அது. முன்சக்கரத்துக்குப் பின்னால் அகலமான மட்ஃபிளாப் மாட்டுங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயர் அதில் உரசவில்லை என்று பார்த்த பிறகே அதன் போல்ட்டுகளை இறுக்குங்கள்.

ஆழமான சேற்றுக்குள் வண்டி நிற்கும்போது கதவைத் திறக்க நேர்ந்தால், படி சேற்றுக்குள் இறங்கி அள்ளிக்கொண்டு மடங்கும். கிட்டோடு வந்த நிறுத்து ஸ்விட்சை ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிவைத்து, தடத்தில் இறங்குவதற்கு முன் அணைத்துவிடுங்கள்.

மேடுபள்ளம்:

முழுவதும் பாடியில் பிடிக்கும் கிட்டை வாங்கிவிட்டேன். பற்றவைப்பதாக இருந்ததைத் தடுத்ததற்கு இரும்புச்சட்டம் அவர்களுக்கு என் நன்றி. பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே செல்லும் வயரில் எவ்வளவு தளர்வு விட வேண்டும்?

மின்பாதை:

பாடியிலேயே பிடிக்கும் கிட் என்பதால் மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே அசைவு இல்லை. அந்த வயரைப் பாடியோடே கட்டிக்கொண்டு போங்கள், சேஸிஸில் எங்கும் கட்டாதீர்கள். சேஸிஸைத் தாண்டும் ஒரே இடம் தரை இணைப்பு என்றால், அங்கே மட்டும் நான்கு விரல் அளவு வளைவு விட்டு, வளைவின் இருபுறமும் கட்டுங்கள். வளைவின் நடுவில் கட்டினால் தளர்வு விட்டதற்குப் பயனில்லை.